அரளியை வளர்ப்போம், விழிப்புடன்

நெடுஞ்சாலை நடுத்திட்டிலும் தொழிற்சாலை வளாகத்திலும் வீட்டு முற்றத்திலும் நம் பகுதியில் ஆண்டு முழுவதும் பூத்துக் குலுங்குவது அரளி. குறைந்த நீரிலும் செழிக்கும் இச்செடியை ஆடுமாடுகள் பொதுவாக மேய்வதில்லை. காரணம், அதன் நச்சுத்தன்மை. செவ்வரளி, வெள்ளரளி, பொன்னரளி ஆகிய மூன்றிலும் இலை, பூ, காய், விதை, வேர், பால் அனைத்தும் நஞ்சுடையவை. உலர்த்தினாலும் கொதிக்கவைத்தாலும் நஞ்சு நீங்காது. கேரளத்தின் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் 2024 மே மாதத்தில், நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதைத் தவிர்க்க முடிவு செய்தது.

இதயநோயாளிகள் சிலருக்கு நாங்கள் அளந்து வழங்கும் டிகாக்சின் மாத்திரையைப் போலவே இந்நஞ்சும் இதயத்தில் செயல்படுகிறது. அதனால் நாடி தளர்ந்து, இதயத்துடிப்பு சீர்குலையக்கூடும்.

செடியைக் கவாத்து செய்யும்போது கையுறை அணியுங்கள். பால் கண்ணில் படாமல் காத்துக்கொள்ளுங்கள். பின்னர் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். வெட்டிய கிளைகளை எரிக்கலாகாது. புகையும் தீங்கு தரும். அவற்றைத் தீவனத்தோடு கலக்கவிடாதீர்கள். பொன்னரளிக் காய்களைக் குழந்தைகள் விளையாட எடுப்பதுண்டு. ஆகவே, சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் பொன்னரளியைத் தவிர்ப்பதே நலம்.

யாரேனும் உண்டுவிட்டால் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, தலைச்சுற்றல் தோன்றலாம். உப்புநீரோ சாணக் கரைசலோ புகட்டி வாந்தியெடுக்க வைக்காதீர்கள். உடனே 108 எண்ணை அழையுங்கள். செடியின் ஒரு கிளையையோ காயையோ உறையிலிட்டுக் கொண்டுவாருங்கள். கன்னடத்தில் கணகிலே, தெலுங்கில் கன்னேரு, இந்தியில் கனேர் என்பார்கள். எந்தப் பெயரில் சொன்னாலும் எங்களுக்கு உதவும்.

'வாந்தி நின்றுவிட்டது, இனி அச்சமில்லை' என்று வீட்டிலேயே காத்திருப்பது பெருந்தவறு. இதயப் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம். ஆதலால், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் குறைந்தது 24 மணி நேரம் ஈசிஜி கண்காணிப்பில் வைக்கிறோம். துடிப்பு குறைந்தால் அட்ரோபின் மருந்தும், தேவையெனில் தற்காலிகப் பேஸ்மேக்கரும் உயிர்காக்கும்.

மனவேதனையால் உண்டிருந்தாலும் மறைக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், பொதுவாகத் தண்டிக்கப்படலாகாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. மனம் தளரும் வேளையில் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். உண்மையை முதலிலேயே சொன்னால் சிகிச்சை விரைவாகத் தொடங்கும்.