சன்னத்தை எடுத்தால் சரியாகிவிடுமா?

திரைப்படத்தில் நாயகனின் தோளில் சூடு படும். நண்பன் கத்தியைச் சூடாக்கிச் சன்னத்தை எடுப்பான். அடுத்த காட்சியில் நாயகன் சண்டைக்கு நிற்பான்.

உண்மையில் தோளருகே பெரிய குருதிக்குழாயும் கைக்கான நரம்புகளும் உள்ளன. அவை அறுந்தால் உயிர் போகலாம், கை வழங்காமற் போகலாம். சன்னம் கிழித்துச் சென்ற பாதையில்தான் பெரும் ஆபத்து. முதலில் இரத்தப்போக்கையே நிறுத்த வேண்டும்.

எடுப்பதால் சேதம் கூடுமென்றால் மருத்துவர்கள் சன்னத்தை உள்ளேயே விட்டுவிடுவார்கள். மூட்டுக்குள் தங்கியதை எடுப்பதே வழக்கம். பின்னாளில் வலியோ விறைப்போ கூடினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

2009இல் போர் முடிந்த பின்னரும் சன்னத்தோடும் செல் துண்டுகளோடும் வாழ்பவர்கள் எம்மிடையே உள்ளனர். "இன்னும் ஏன் எடுக்கவில்லை?" என்று அவர்களைக் கேட்கவைப்பது சினிமா தந்த நம்பிக்கைதான்.