முகமூடிக்கு உள்ளே இருப்பவர்

1977இல் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில், மாஸ் ஐஸ்லி என்ற பாலைவன ஊரில் ஒரு மதுக்கூடம் வருகிறது. விண்கலம் ஒன்றை வாடகைக்குப் பேசி அமர்த்த இளைஞன் லூக்கும் முதியவர் ஓபி-வானும் அங்கே நுழைகிறார்கள். கூடம் நிறைய வெவ்வேறு கிரகத்து உருவங்கள்: கொம்பு முளைத்த ஒருவர், சுத்தியல் போன்ற தலையுடைய ஒருவர், கடல்யானையின் தந்தம் நீண்ட ஒருவர். தகராறு மூள்கிறது. முதியவரின் ஒளிவாள் ஒருவனுடைய கையைத் துண்டித்துப் போடுகிறது. இசை நிற்கிறது, எல்லாத் தலைகளும் திரும்புகின்றன. சில நொடிகள்தாம். பிறகு அவரவர் கோப்பைக்குத் திரும்ப, இசைக்குழு விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்குகிறது. அயோக்கியர்கள் கூடும் ஊர் இது என்று முதியவர் முன்பே எச்சரித்திருக்கிறார். அந்த எச்சரிக்கையை நாம் உண்மையில் நம்புவது இந்த நொடிகளில்தான். கை ஒன்று தரையில் கிடக்க, அதை அன்றாடச் செய்தி போல எடுத்துக்கொள்ளும் ஊர் அது என்று நமக்குக் காட்டுகிறவர்கள் நாயகனோ முதியவரோ அல்லர். முகமே தெரியாத துணை நடிகர்கள். அவர்கள் செய்தது நடிப்பு. நடிப்புக்கு உரிய மரியாதை, படத்தின் கடைசி டைட்டிலில் பெயர் வருவதில் தொடங்கியே அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

அந்தக் காட்சி உருவான விதத்தைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். மதுக்கூடத்தை இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் 1976இல் இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் படமாக்கினார். உருவங்களுக்குப் பொறுப்பேற்றிருந்த ஒப்பனைக் கலைஞர் ஸ்டுவர்ட் ஃப்ரீபார்ன் நடுவில் நோய்வாய்ப்பட்டார். திட்டமிட்ட உருவங்கள் பல முழுமையாகவில்லை. எடுத்த வரைக்கும் போதவில்லை என்று லூகாஸ் கருதியதால், 1977 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலீஸில் மீண்டும் படப்பிடிப்பு நடந்தது. ஒப்பனைக் கலைஞர் ரிக் பேக்கரும் அவருடைய இளம் குழுவும் புதிய உருவங்களைச் செய்தார்கள். நேரம் போதாத இடத்தில் பேக்கர் கைவசம் இருந்த பழைய முகமூடிகளையும் கொண்டுவந்தார். பெரிய தலையும் கரிய கண்களும் கொண்ட அந்த இசைக்குழு இப்படிப் பிறகு சேர்ந்ததுதான். ஆக, கை துண்டானதும் திரும்பிப் பார்த்தவர்களில் பலரும் வாசிப்பை நிறுத்திய இசைக்குழுவும் ஒரே நாட்டில்கூட இருக்கவில்லை. நடுவில் பல மாதங்களும் ஓர் அட்லாண்டிக் கடலும் கிடந்தன. ஒட்டிக் காட்டியது படத்தொகுப்பு என்று சொல்லலாம், சரிதான். ஆனால் சரியான வேகத்தில் திரும்பிய தலையும் சரியான நேரம் அசையாமல் நின்ற தோளும் படச்சுருளில் இருந்தால்தானே ஒட்ட முடியும்?

அப்படித் திரும்புவதும் நிற்பதும் எளிதல்ல. இத்தகைய முகமூடிகள் பெரும்பாலும் ரப்பர் நுரையால் ஆனவை. உள்ளே காற்று புகாது, வியர்வை வெளியேறாது. விளக்குகளின் வெப்பத்தில் கையுறைக்குள் வியர்வை தேங்கும். முகமூடியின் கண் இருக்கும் இடத்தில் நடிகரின் கண் இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. பல உருவங்களில் அவர் பார்ப்பது அதன் வாய் வழியாகவோ, மூக்குத் துளை வழியாகவோ, கழுத்து மடிப்பில் வைத்த வலை வழியாகவோதான். உதவி இயக்குநரின் குரல் மங்கலாகக் கேட்கும். செட்டில் தரையோடு ஓடும் கேபிள்கள் தெரியாது என்பதால் கைப்பிடித்து நடத்திச் செல்ல ஓர் ஆள் வேண்டும். இத்தனைக்கும் நடுவில் அவர் செய்ய வேண்டிய வேலை நுட்பமானது. கண்ணால் பார்க்க முடியாத உருவம் ‘பார்க்கிறது’ என்று நாம் நம்ப வேண்டுமானால், மூக்கின் திசையும் கழுத்தின் சாய்வும் அதைச் சொல்ல வேண்டும். சற்று அதிகமாக அசைந்தால் பொம்மலாட்டம், அசையாமலே இருந்தால் செத்த ரப்பர். இடைப்பட்ட அளவைக் கண்ணாடியும் இல்லாமல், தன் முகம் எப்படித் தெரிகிறது என்றே அறியாமல், உடம்பால் கண்டுபிடித்தாக வேண்டும்.

இதற்கு முதல் மறுப்பு எளிதாகவே வரும். திரையில் நாம் காண்பது முகமூடியை. அதைச் செய்தவருக்கே பெருமை. உள்ளே யார் இருந்தால் என்ன? இதன் முதல் பாதியை முழு மனதோடு ஏற்கலாம். ஒப்பனைக் கலைஞர்களும் தங்களுக்குரிய இடத்தை எளிதில் பெற்றுவிடவில்லை. ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ (1968) படத்துக்காக ஜான் சேம்பர்ஸுக்குச் சிறப்பு ஆஸ்கர் வழங்கினார்கள். ஆனால் ஒப்பனைக்கு என்று நிலையான ஆஸ்கர் பிரிவு வந்தது 1981ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். அதற்கு முந்தைய ஆண்டு ‘தி எலிஃபண்ட் மேன்’ படத்தின் ஒப்பனைக்கு எந்த அங்கீகாரமும் இல்லாமல் போனதால் எழுந்த எதிர்ப்பே அதற்குக் காரணம். முதல் விருதைப் பெற்றவர் அதே ரிக் பேக்கர். ஒப்பனையாளருக்கு இடம் கொடுத்ததால் நடிகருக்கு எதுவும் குறைந்துவிடவில்லை. முகமூடி அணிபவருக்கு இடம் கொடுத்தாலும் அதைச் செய்தவருக்கு எதுவும் குறையப்போவதில்லை.

மறுப்பின் இரண்டாம் பாதியை ஏற்க முடியாது. உள்ளே யார் இருந்தாலும் ஒன்றுதான் என்பதை உருவங்களின் வரலாறே பொய்யாக்குகிறது. 1954இல் முதல் காட்ஸில்லாவுக்குள் நின்ற ஹருவோ நகாஜிமா, ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள உடையில் சில மீட்டர் தூரமே நடக்க முடிந்த நிலையிலும், அந்த நடையைக் கண்டுபிடிக்க டோக்கியோவின் உயிரியல் பூங்காவுக்குப் போய் விலங்குகளைக் கவனித்தார். லண்டனில் மருத்துவமனை ஊழியராக இருந்த பீட்டர் மேஹ்யூ, 7 அடி 3 அங்குல உயரம் என்பதால் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் ரோமம் அடர்ந்த செவ்பாக்கா வேடத்துக்கு அழைக்கப்பட்டார். அவரும் கரடிகளையும் குரங்குகளையும் பார்க்க உயிரியல் பூங்காவுக்குத்தான் போனார். செவ்பாக்காவின் குரல் விலங்குகளின் ஒலிகளைக் கலந்து செய்தது. முகம் ஃப்ரீபார்ன் செய்தது. மேஹ்யூவுக்கென்று மிஞ்சியது பெரும்பாலும் நடையும் தலைச்சாய்வும்தான். அவர் முதுமையில் தளர்ந்தபோது அந்த வேடத்தை ஏற்ற ஃபின்லாந்துக் கூடைப்பந்து வீரர் யோனஸ் சுவோட்டமோ மேஹ்யூவிடமே பயிற்சி பெற வேண்டியிருந்தது. உடையைத் தைத்துக் கொடுத்துவிடலாம். நடையைச் சொல்லிக் கொடுத்தால்தான் வரும். ‘ஏலியன்’ (1979) படத்தின் உயிரினத்துக்குள் இருந்த போலாஜி பாடேஜோ, லண்டனில் படித்துக்கொண்டிருந்த நைஜீரிய மாணவர். அவரை மதுக்கடை ஒன்றில் கண்டெடுத்தது உயரத்துக்காகத்தான். ஆனால் தேர்வானதும் தாய்ச்சி உடற்பயிற்சியும் மௌன நடிப்பும் கற்றுக்கொடுத்தார்கள். உயரம் மட்டும் போதுமென்றால் அந்தப் பயிற்சிக்குச் செலவழித்திருக்கமாட்டார்கள்.

இவையெல்லாம் முக்கிய வேடங்கள், பின்னணியில் நிற்கிறவருக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ இதற்கும் ஒரு விடை வைத்திருக்கிறது. முன்வரிசை நடிகர்களுக்குச் சேம்பர்ஸ் குழு முகத்தோடு முகமாகத் துண்டு துண்டாக ஒட்டிய ஒப்பனையைச் செய்தது. அவர்கள் புருவத்தை உயர்த்தலாம், உதட்டைச் சுளிக்கலாம், அது கொஞ்சமேனும் வெளியே தெரியும். பின்வரிசைத் துணை நடிகர்கள் அணிந்தது தலைவழியே மாட்டிக்கொள்ளும் முகமூடி. அவர்களுக்கு அந்தக் கொஞ்சம்கூட இல்லை. செலவு குறைந்த முகமூடிக்குள் இருந்தவருக்குத்தான் உடலால் செய்ய வேண்டிய வேலை கூடுதல். பின்வரிசையில் ஒருவர் மனிதரைப் போல இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டால் போதும், முன்வரிசையில் எத்தனை மணி நேரம் ஒப்பனை செய்திருந்தாலும் அந்த உலகம் சரிந்துவிடும். நாயகன் மீது நம் கண் இருக்கும்போது ஓரக்கண்ணால் வாங்கிக்கொள்வதைத்தான் நாம் சோதித்துப் பார்ப்பதில்லை. சோதிக்காமல் நம்புவதால்தான் அது அவ்வளவு முக்கியம்.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. ஒரே உருவத்துக்குள் பலர் இருந்திருக்கிறார்கள். யாருக்கென்று பெயர் போடுவது? உண்மைதான். மதுக்கூடத்தில் விண்கல ஓட்டி ஹான் சோலோவோடு மேசையில் அமர்ந்து பேசும் பச்சை நிறக் கிரீடோவாக இங்கிலாந்தில் பால் பிளேக் நடித்தார். லாஸ் ஏஞ்சலீஸில் எடுத்த துண்டுகளில் மரியா டி அராகன். குரல் கொடுத்தவர் லாரி வார்ட் என்ற மொழியறிஞர். இசைக்குழுவுக்குள் இருந்தவர்களிலோ பேக்கர், ஃபில் டிப்பெட் முதலான முகமூடி செய்தவர்களே உண்டு. ஆனால் ஒரு வேடத்தை மூவர் சேர்ந்து உருவாக்கினால் மூன்று பெயர்களைப் போடுவதுதானே முறை? 1977இல் நடந்தது வேறு. ஹான் சோலோவுக்கு எதிரே அமர்ந்து வசனம் பேசி, சுடப்பட்டுச் சாகும் அந்த வேடத்துக்கு நடிகர் பட்டியலில் ஒரு பெயர்கூட இல்லை. இரண்டாம் யூனிட் ஒப்பனையாளராகப் பேக்கரின் பெயர் வந்தது. அதே பேக்கர் இசைக்குழுவில் ஒருவராக நின்றது பட்டியலில் ஏறவில்லை. செய்த கைக்குப் பெயர் உண்டு, அணிந்த உடலுக்கு இல்லை என்ற பாகுபாட்டை ஒரே மனிதரிடம் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடிவது அபூர்வம்.

பெயரைச் சொன்னால் மாயம் கலைந்துவிடும் என்பது ஸ்டுடியோக்கள் நெடுங்காலம் நம்பிய வாதம். ‘கிரீச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’ (1954) படத்தின் நீர்வாழ் உயிரினமாக நிலத்தில் பென் சாப்மனும் நீருக்கடியில் ரிக்கோ பிரவுனிங்கும் நடித்தார்கள். இருவர் பெயரும் டைட்டிலில் இல்லை; அந்த உருவத்தை வடிவமைத்த மிலிசென்ட் பேட்ரிக்கின் பெயரும் இல்லை. ஆனால் இந்த வாதத்துக்கு அந்தப் படத்தைத் தயாரித்த யுனிவர்சல் ஸ்டுடியோவே 1931இல் பதில் சொல்லிவிட்டது. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தின் தொடக்க டைட்டிலில் அரக்கன் வேடத்துக்கு எதிரே ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது. படம் முடிந்ததும் வந்த பட்டியலில் போரிஸ் கார்லாஃப் என்ற பெயர் வந்தது. பார்க்கும்வரை மர்மம், பார்த்த பிறகு பெயர். இரண்டும் ஒரே படத்தில் கூடிவந்தன, அதனால் அரக்கனைப் பற்றிய அச்சம் துளியும் குறையவில்லை.

டைட்டிலில் இடமில்லை என்ற மறுப்பைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இன்றைய பெரிய படங்களின் கடைசி டைட்டிலில் ஓட்டுநர்களும் சமையல்காரர்களும் கணக்காளர்களும் வருகிறார்கள், வரத்தான் வேண்டும். படம் தயாரான காலத்தில் பணியாளர்கள் வீட்டில் பிறந்த குழந்தைகளின் பெயரைக்கூடப் பிக்ஸார் போன்ற நிறுவனங்கள் அன்போடு சேர்க்கின்றன. அத்தனை நீளமான பட்டியலில் இன்னும் சில வரிகளுக்கு இடம் உண்டு. பல்லாயிரம் பேர் திரளும் கூட்டக் காட்சிக்கு இது முடியுமா என்றால், முடியாமல் போகலாம். ஆனால் ஒருவருக்கென்று தனி உருவம் செய்து, தனி அசைவு சொல்லிக்கொடுத்து நிறுத்தியிருந்தால், அவர் கூட்டத்தில் ஒருவர் அல்லர். வணிகம் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டது. 1970களின் கடைசியிலேயே கென்னர் நிறுவனம் அந்த மதுக்கூடத்துப் பின்னணி உருவங்களைத் தனித்தனிப் பொம்மைகளாக விற்றது. 1995இல் அதே மதுக்கூடத்தில் கூடியவர்களின் வாழ்க்கையைச் சொல்லும் சிறுகதைகள் ஒரு தொகுப்பாக வந்தன. பொம்மைக்குப் பெயர் கிடைத்தது, கற்பனை உருவத்துக்கு ஊரும் கடந்தகாலமும் கிடைத்தன. பெயர் கிடைக்காமல் நின்றது அதற்குள் மூச்சுவிட்ட உடல் மட்டும். ஜான் ஸ்பைராவின் ‘எல்ஸ்ட்ரீ 1976’ (2015) ஆவணப்படம் அந்த மனிதர்கள் சிலரைத் தேடிப் பிடித்துப் பேசவைத்தது. ரசிகர் மாநாடுகளில் கையெழுத்துப் போடும் உரிமை யாருக்கு, டைட்டிலில் பெயர் வந்தவருக்கா வராதவருக்குமா என்ற வருத்தம் அவர்களுக்குள்ளேயே நிலவுவதை அதில் காணலாம். அன்று ஒரு வரி சேர்த்திருந்தால் இந்தப் பிணக்கே எழுந்திருக்காது.

இப்போது கடைசி மறுப்பு: கணினியால் இவர்களே தேவைப்படாமல் போகும்போது பெயர் எதற்கு? 1997இல் ‘ஸ்டார் வார்ஸ்’ மறுபதிப்பாக வந்தபோது மதுக்கூடத்தில் ஓநாய் முகமூடி அணிந்திருந்த உருவத்தைச் சில ஷாட்டுகளில் கணினி உருவம் விழுங்கிவிட்டது. எதிர்த்திசையிலும் காற்று அடித்திருக்கிறது; 2015இல் அதே வரிசையில் வந்த ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ படத்துக்கு நீல் ஸ்கான்லன் தலைமையில் ஏராளமான உருவங்களைக் கையால் செய்து, உள்ளே ஆட்களை நிறுத்தினார்கள். ஆனால் தேவை இருக்கிறதா என்பதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று 2023இல் எழுந்தது. அமெரிக்க நடிகர் சங்கம் ஜூலை 14 முதல் நவம்பர் 9 வரை 118 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, துணை நடிகர்களின் உடலைக் கணினியில் ஸ்கேன் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது முக்கியமான சர்ச்சைகளில் ஒன்றாக இருந்தது. முடிவில் ஏற்பட்ட ஒப்பந்தம், அப்படிப் பயன்படுத்த நடிகரின் சம்மதமும் அவருக்கு ஊதியமும் வேண்டும் என்றது. ஒப்பந்தம் வரையறுத்துள்ள துணை நடிகர் எண்ணிக்கையை இந்தப் பிரதிகளைக் கொண்டு நிரப்பக் கூடாது என்றும் விதித்தது.

முகம் தெரிகிறவர் இந்த உரிமையைக் கோருவது எளிது. திரையில் இருப்பது தான்தான் என்று காட்டினால் போதும். முகமூடி அணிந்தவர் எதைக் காட்டுவார்? அவருடைய தோள் அசைவையும் நடையையும் பதிவுசெய்து, வேறொரு உருவத்தைப் போர்த்தி இன்னொரு படத்தில் உலவவிட்டால், அது தன்னுடையது என்று நிறுவ அவரிடம் இருக்கக்கூடிய வலுவான பொதுச் சான்று, இந்த உருவத்தை இவர் நடித்தார் என்று முதல் படம் சொல்லும் ஒரு வரிதான். அந்த வரியை எழுதத் தயாரிப்பு நிறுவனம் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. உடல் முழுக்க ஒப்பனை, புகை, நனைதல் என்று நாள்கூலிக்கு மேல் எதற்கெல்லாம் தனித்தொகை என்று கணக்கிட்டு, ஒவ்வொரு துணை நடிகரும் அன்றாடம் கையெழுத்திட்ட சீட்டுகள் அதன் அலுவலகத்தில் இருக்கின்றன. யார், எந்த நாள், எந்த உருவத்துக்குள் நின்றார் என்பதை அங்கிருந்தே எடுத்து எழுதலாம்.