மைக் வாங்கப் போகிறீர்களா? முதலில் அறையைப் பாருங்கள்!

1902-ம் ஆண்டு. கல்கத்தாவில் ஓர் ஓட்டல் அறை. அங்கேதான் கௌஹர் ஜான் என்ற புகழ்பெற்ற பாடகியின் குரல் கிராமபோன் தட்டில் பதிவாயிற்று. அப்போது மைக் கிடையாது. பெரிய புனல் போன்ற குழாய்க்குள் உரத்துப் பாட வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் பாட்டை முடித்துவிட வேண்டும்!

இன்று அந்தக் கஷ்டம் இல்லை. செல்போன் இருந்தால் போதும், வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்யலாம். ஆனால் பதிவு செய்ததைப் போட்டுக் கேட்டால், மகள் கிணற்றுக்குள் இருந்து பாடுவது போல் இருக்கிறது. அவள் முகம் வாடிவிடுகிறது. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. கடைக்கு ஓடுகிறார்.

"இருப்பதிலேயே உசத்தியான மைக்கை எடுங்கள்!"

சம்பளத்தில் பாதி போய்விடுகிறது. புது மைக்கில் மகள் பாடுகிறாள். அதே கிணறு! கூடவே மின்விசிறி ஓசை, பக்கத்து வீட்டு மிக்சி, தெருவில் போகும் ஆட்டோ!

குற்றவாளி யார்?

மைக் அல்ல, அறைதான். வெறும் சுவரும் வழுவழுப்பான தரையும் குரலைத் திருப்பி அடிக்கின்றன. அறை நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் "கிண்" என்று ஓசை நீடிக்கிறதா? அந்த ஓசை பாட்டிலும் ஏறும்.

இதற்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. மெத்தை, கனத்த போர்வை, துணி நிறைந்த அலமாரி. போர்வையை எங்கே தொங்கவிடுவது? பலர் மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுகிறார்கள். முதலில் மூட வேண்டியது, பாடுகிறவரின் முதுகுப் பக்கத்துச் சுவரை! பாட்டுக்கான மைக் பெரும்பாலும் தனக்கு முன்னால் இருப்பதைத்தான் நன்றாகக் கேட்கும். அதற்கு எதிரே இருப்பது பாடுகிறவரும், அவருக்குப் பின்னால் உள்ள சுவரும்தானே?

இரண்டு வகை மைக்

அறை சரியான பிறகு மைக்கைப் பார்க்கலாம். கடையில் டைனமிக், கண்டென்சர் என்று இரண்டு வகை சொல்வார்கள். கண்டென்சர் மைக்குக்குக் காது கூர்மை. மூச்சு விடுவதும் கேட்கும். சுவர்க் கடிகாரமும் கேட்கும்! பொதுவாக இதற்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்க வேண்டும். டைனமிக் மைக் அவ்வளவு நுட்பமாகக் கேட்காது. சந்தடியான தெருவில் குடியிருப்பவர்களுக்கு அதுவே நல்லது.

டைனமிக் என்றால் மட்டம் என்று எண்ண வேண்டாம். மைக்கேல் ஜாக்சன், 1982-ல் வெளிவந்த "திரில்லர்" இசைத்தட்டுக்காகப் பாடியது எஸ்.எம்.7 என்ற டைனமிக் மைக்கில்தான்.

ஒருவர் மட்டும் பாடுவதானால் யு.எஸ்.பி. மைக் போதும். நேராகக் கம்ப்யூட்டரில் செருகிவிடலாம். பின்னால் வீணையோ மிருதங்கமோ சேரும் என்றால், "இன்டர்பேஸ்" என்ற சிறு பெட்டியும் சாதாரண மைக்கும் வாங்குவது மேல். 48 வோல்ட் கொடுக்கும் பொத்தானும் அந்தப் பெட்டிகளில் இருக்கும். பதிவு செய்ய "ஆடாசிட்டி" என்ற புரோகிராம் இலவசமாகவே கிடைக்கிறது.

காதை முழுதும் மூடும் ஹெட்போன் ஒன்று அவசியம். சுருதியை ஒலிபெருக்கியில் வைத்துப் பாடினால் அதுவும் மைக்கில் புகுந்துவிடும். பிறகு பிரிப்பது பெரும்பாடு.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். மிக நெருங்கினால் குரல் தடித்துவிடும். "ப" என்ற எழுத்து வரும்போது காற்று மோதி "டப்" என்று கேட்கும். மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் இது குறையும். கம்ப்யூட்டர் திரையில் ஒலி அளவு சிவப்பைத் தொடக்கூடாது. குரல் உடைந்து பதிவாகிவிட்டால் மறுபடி பாடுவதுதான் வழி.

அமெரிக்காவில் பில்லி எய்லிஷ் என்ற இளம்பெண், 2019-ல் வெளிவந்த தன் இசைத் தொகுப்பை அண்ணனின் படுக்கை அறையில் பதிவு செய்தார். அடுத்த ஆண்டே அதற்குக் கிராமி பரிசு கிடைத்தது!

ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை. இன்று இரவு, தெரு அடங்கிய பிறகு, போர்வையைக் கட்டிவிட்டு, கையில் இருக்கும் செல்போனிலேயே மகளைப் பாடச் சொல்லுங்கள். மின்விசிறியை நிறுத்த மறக்க வேண்டாம். வியர்க்கத்தான் செய்யும். நாலு நிமிடம்தானே!