தொலைமருத்துவமும் தாதியர் பயிற்சியும்

மேற்கு அவுஸ்திரேலியாவின் வடபாகத்தில் ஹோல்ஸ் கிறீக் என்னும் சிற்றூர் உளது. 1917ஆம் ஆண்டிலே ஜிம்மி டார்சி என்னும் மாட்டுப்பண்ணைத் தொழிலாளி, குதிரையினின்றும் வீழ்ந்து உள்ளுறுப்புச் சிதைந்த நிலையில் அவ்வூருக்குக் கொண்டுவரப்பட்டார். ஆங்கு வைத்தியர் இலர். தக்கெற் என்னும் தபாலதிபர், ஆயிரம் மைலுக்கும் அப்பால் பேர்த் நகரிலிருந்த வைத்தியர் ஹொலண்டுக்கு நோயின் குறிகளைத் தந்திமூலம் அறிவித்தார். உடனே சத்திரசிகிச்சை செய்யவேண்டுமென மறுமொழி வந்தது. தந்தியில் வந்த அறிவுரைகளைக் கேட்டுக் கேட்டுப் பேனாக்கத்தியொன்றினாற் தபாலதிபரே அதனைச் செய்து முடித்தார். ஹொலண்ட் கப்பலிலும் மோட்டார் வண்டியிலுமாகப் பலநாட் பயணஞ்செய்து அவ்வூரை அடைந்தபோது, டார்சி முதல்நாளே இறந்துவிட்டார். சத்திரசிகிச்சை பிழைக்கவில்லை; எவரும் கண்டறியாதிருந்த மலேரியாவும் குடல்வால் அழற்சியுமே உயிரைக் கவர்ந்தன.

இதனைக் கூறுவோர் பெரும்பாலும் தந்தியையே வியப்பர். தக்கெற் முன்னரே ஹொலண்டிடம் முதலுதவிப் பாடங் கேட்டவர் என்பதை நினைப்பவர் சிலரே. அவர் கற்றது கத்தியெடுக்கத் துணைபுரிந்தது. கல்லாதது மலேரியாவை மறைத்தது. தூரத்திலிருக்கும் வைத்தியர் கருவி வாயிலாக நோயாளியைப் பார்த்து மருந்து கூறும் முறையே இன்று தொலைமருத்துவம் எனப்படுகின்றது. நோயாளியின் அருகில் நிற்பவர் கண்டதைத்தான் எக்கருவியும் கொண்டுசெல்லும்.

ஜோன் பிளின் என்னும் கிறித்தவ குருவானவர் இவ்வுண்மையை உணர்ந்தவர். அவர் முயற்சியால் 1928இற் குளோன்கறியிலிருந்து பறக்கும் வைத்தியர் சேவை தொடங்கிற்று. மறுஆண்டு ஆல்பிரட் திறேகர் அமைத்த, காலால் மிதித்து மின்னுண்டாக்கும் வானொலிக்கருவி அதனோடு சேர்ந்தது. ஆயினும் பண்ணையிலுள்ளோர்க்கு மருந்தின் பெயரே வாயில் நுழையாது. ஆதலால் 1942 முதல், இலக்கமிட்ட மருந்துகள் கொண்ட ஒரே வகையான பெட்டிகள் அளிக்கப்பட்டன. வைத்தியர் இலக்கத்தைக் கூறினாற் போதும். லூசி கார்லிக் என்னும் தாதியின் யோசனை இது. வானொலியை வியந்தோர் இப்பெட்டியையும் வியந்திருக்கலாம்.

1968இற் பொஸ்தன் நகரில் வைத்தியர் கெனத் பேர்ட், மசாச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையை லோகன் விமானநிலையத்து மருத்துவ நிலையத்தோடு இருவழித் தொலைக்காட்சியால் இணைத்தார். இடைத்தூரம் ஏறத்தாழ மூன்று மைலே. வீதி நெரிசலே அங்குப் பாலைவனமாயிற்று! நிலையத்தில் இருந்தவர் தாதியர். ஸ்தெதஸ்கோப்பை எவ்விடத்தில் வைப்பது என்பது அவர் கையிலிருந்தது. ஒலியைக் கேட்டவர் வைத்தியர்.

இத்தகைய கைக்குப் பயிற்சி வேண்டும். பொத்தானை அழுத்தக் கற்பதற்கு ஒருநாள் போதும். பல இடங்களிற் பயிற்சி அவ்வளவில் நின்றுவிடுவது வருந்தத்தக்கது. மூச்சை முழு நிமிடம் எண்ணுதல், வயிற்றை மெல்ல அழுத்தி நோ எங்கேயெனச் சொல்லிற் பிழையின்றி உரைத்தல் ஆகியனவே அரிய பாடங்கள். கமெரா நிறத்தை மாற்றிக்காட்டும். மஞ்சள் விளக்கொளியிற் காமாலை மறையும். கருநிறத்தோரிடம் சோகையைக் கீழிமையின் உட்புறத்திலேயே காணவேண்டும். இவற்றை அறிந்த தாதி முதலில் நோயாளியைச் சன்னலருகே இருத்துவாள். மறுமுனையில் எவரெவர் கேட்கின்றனர் என்பதை நோயாளிக்குச் சொல்லி அவரது சம்மதம் பெறுதலும் அவள் கடனே. நாணத்தால் மறைக்கப்படும் நோய்கள் பலவன்றோ.

இணைப்பு நடுவே அறுந்தால் யாது செய்வது? வைத்தியர் வாய்மொழியாகக் கூறிய மருந்தைத் தாதி கொடுக்கலாமா, கொடுத்தபின் பொறுப்பு எவருடையது? இவற்றைக் கருவி வாங்குமுன்னரே நிருவாகம் எழுத்தில் வரையறுத்து அவள் கையிற் கொடுத்தல்வேண்டும்.