10,080 எண்களால் வகுபடும் ராட்சத எண்!

திருவண்ணாமலையில் பவுர்ணமிதோறும் லட்சக்கணக்கான பக்தர்கள் கிரிவலம் வருகிறார்கள். மலையைச் சுற்றி வரும் பாதையின் நீளம் 14 கிலோ மீட்டர்.

ஒரு குடும்பம் கிரிவலம் புறப்படுகிறது. சம தூரம் நடந்து, சம தூரத்தில் உட்கார்ந்து போகலாம் என்று நினைக்கிறது. 14-ஐ மிச்சம் இல்லாமல் வகுக்கும் எண்கள் 1, 2, 7, 14 ஆகிய நான்குதான். பாதை 12 கிலோ மீட்டராக இருந்தால்? 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு எண்கள்! 14-ஐ விட 12 சிறியது. ஆனால், பங்கு போட அதுதான் வசதி.

12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணையும் இத்தனை எண்களால் வகுக்க முடியாது. 24, 60 ஆகியவையும் இந்த ஜாதியைச் சேர்ந்தவையே. நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பிரித்தது, பங்கு போடத் தோதான கணக்கு.

இந்த வகை எண்களைத் தேடிப் பிடித்தவர் கணித மேதை ராமானுஜன். அவருடைய வாழ்க்கை திசை திரும்பியதும் இந்தப் பக்கத்தில்தான். திருவண்ணாமலையில் இருந்து சுமார் 35 கிலோ மீட்டர் தூரத்தில் உள்ள திருக்கோவிலூர்தான் அந்த ஊர்.

வேலை கேட்டு வந்தார்

1910-ம் ஆண்டு. ராமானுஜனுக்குத் திருமணம் ஆகி இருந்தது. கல்லூரிப் பரீட்சையில் தோற்றவர். கையில் காசு இல்லை. திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராக இருந்த ராமசாமி அய்யரைத் தேடி வந்தார். தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தால் போதும் என்றார். தன் கணக்கு நோட்டைக் காட்டினார்.

ராமசாமி அய்யரும் கணிதப் பிரியர். 1907-ல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். நோட்டைப் புரட்டிப் பார்த்துத் திகைத்தார். இப்படிப்பட்டவரைக் குமாஸ்தா ஆக்கினால் அறிவு பாழாகிவிடும் என்று எண்ணினார். வேலை கொடுக்கவில்லை! சென்னையில் உள்ள கணித அறிஞர்களுக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பினார். வேலை கிடைக்காததே நல்லதாகப் போயிற்று.

1914-ல் ராமானுஜன் இங்கிலாந்து சென்றார். மறு ஆண்டு, இந்த எண்களைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டார். 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது அதற்காகத்தான். லண்டன் கணிதச் சங்கம் பண முடையில் இருந்ததால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சாகவில்லை. அது வெளிவந்தது 1997-ல்!

கட்டுரையில் ஒரு பட்டியல் உண்டு. அதன் கடைசி எண்: 6,746,328,388,800. அதாவது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800.

இதை எத்தனை எண்களால் மிச்சம் இல்லாமல் வகுக்கலாம்? 10,080 எண்களால்!

ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டியது இல்லை. சுலப வழி இருக்கிறது. 12 என்பது 2×2×3. இதில் 2 இரு முறை, 3 ஒரு முறை. ஒவ்வொன்றுடனும் ஒன்று கூட்டினால் 3, 2. இவற்றைப் பெருக்கினால் 6. விடை சரி!

ராட்சத எண்ணில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-ம் 7-ம் இரண்டிரண்டு முறையும் உள்ளன. 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறை. ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2×2. இதன் விடை 10,080.

நூறுக்கும் மேற்பட்ட எண்கள் கொண்ட பட்டியல். கம்ப்யூட்டர் இல்லாத காலம். எல்லாம் கைக்கணக்கு. அதில் ஒரே ஓர் எண் மட்டும் ராமானுஜன் கண்ணில் இருந்து தப்பிவிட்டது. அது 293,318,625,600. அதை வகுக்கும் எண்கள் 5,040. ராட்சத எண்ணுக்கு உள்ளதில் சரிபாதி!

தப்பிய அந்த எண்ணை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். பட்டியலின் கடைசி எண் வந்து நிற்கும்.