குரங்குக்குப் போன மோதிரம்

“மூவாயிரம் டக்கட்னா எவ்வளவு மாமா?” என்று கேட்டாள் அக்கா மகள். கல்லூரியில் அவளுக்கு இந்தப் பருவம் ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’ பாடம். கேள்வி எனக்குப் பிடித்துப்போனது. வாத்தியார்கள் இந்த நாடகத்தைக் கருணை, நீதி என்று தொடங்குவார்கள். பணத்திலிருந்து தொடங்கினால்தான் இது சரியாகத் திறக்கும். டீயை ஆற்றிக்கொண்டே கணக்குப் போட்டோம்.

டக்கட் என்பது வெனிஸின் தங்கக் காசு. ஒரு காசு ஏறக்குறைய மூன்றரை கிராம், கிட்டத்தட்ட சுத்தத் தங்கம். 3000 காசு பத்தரைக் கிலோ. நம் வழக்கில் சுமார் 1300 சவரன்.

“பொண்ணு பார்க்கப் போறதுக்கா இவ்வளவு கடன்?”

அதற்கேதான். பஸ்ஸானியோ ஊரெல்லாம் கடன் வைத்திருக்கும் வாலிபன். பெல்மாண்ட்டில் போர்ஷியா என்றொரு பெண். அப்பா இறந்து சொத்து முழுக்க அவளுக்கு வந்திருக்கிறது. நண்பன் அந்தோனியோவிடம் அவளைப் பற்றிச் சொல்லும்போது, சொத்துக்காரி என்பதை முதலிலும், அழகி என்பதை அடுத்தும், குணவதி என்பதைக் கடைசியிலும் சொல்கிறான். வரிசையைப் பார்த்துக்கொள் என்றேன். பழைய கடன்களைத் தீர்க்கும் வழியாகத்தான் இந்தக் கல்யாணப் பேச்சையே எடுக்கிறான். காதல் இல்லை என்று சொல்லவில்லை. காதலுக்குள்ளேயே வரவுசெலவு ஓடுகிறது. அந்தோனியோவுக்கோ பணமெல்லாம் கடலில். டிரிபோலி, மெக்சிகோ, இங்கிலாந்து என்று கப்பல்கள் போயிருக்கின்றன. கையில் ரொக்கம் இல்லை. ஆகவே ஷைலாக்கின் வாசலுக்கு வருகிறார்கள்.

ஏன் ஒரு யூதனிடம்? இதை அவளுக்குப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருந்தது. வட்டி பாவம் என்றது திருச்சபை. யூதர்களுக்கோ நிலம் வாங்க உரிமை கிடையாது. பெரும்பாலான தொழிற்சங்கங்களில் இடம் கிடையாது. மிஞ்சியது வட்டித்தொழில், பழைய துணி வியாபாரம், வைத்தியம் போன்ற சிலதான். 1516ல் வெனிஸ் அவர்களை ஒரு தனிப் பகுதிக்குள் ஒதுக்கியது. இரவானால் வாயிற்கதவை அடைத்துவிடுவார்கள். வெளியே வரும்போது இன்னார் என்று தெரிய நிறத்தொப்பி போட வேண்டும். ‘கெட்டோ’ என்ற சொல்லே அந்த இடத்தின் பெயர்தான். ஒருவனை ஒரே தொழிலுக்குள் தள்ளிவிட்டு, பிறகு அந்தத் தொழிலைச் செய்கிறானே என்று காறித் துப்புவது. அந்தோனியோ நிஜமாகவே துப்பியிருக்கிறான், நாய் என்று திட்டியிருக்கிறான். கடன் கேட்டு வந்த இடத்திலும் இனியும் துப்புவேன் என்கிறான்.

லண்டன் கதை இன்னும் விசித்திரம். இங்கிலாந்து 1290லேயே யூதர்களைத் துரத்திவிட்டது. நாடகம் எழுதப்பட்டது 1596க்கும் 1598க்கும் இடையில். பார்க்க வந்த கூட்டத்தில் பெரும்பாலோர் தன் மதத்தை வெளிப்படையாகப் பின்பற்றும் ஒரு யூதரைக்கூடக் கண்டிருக்க மாட்டார்கள். அரசியின் மருத்துவர் லோபஸ் யூத வம்சத்தவர். அரசிக்கு நஞ்சு வைக்கச் சதி செய்ததாக 1594ல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது மட்டும் ஊர் வாயில் இருந்தது. ஆனால் வட்டி அவர்களுக்குப் புதிதா? 1571ன் சட்டத்துக்குப் பிறகு பத்து சதவிகிதம் வரை வாங்குவது சகஜமாகிவிட்டது. அதற்கு முந்திய வருடம், சட்டத்தை மீறி வட்டி வாங்கியதாக ஜான் என்ற கையுறை வியாபாரி மீது வழக்கு. அந்த ஜானின் மகன்தான் நம் நாடகாசிரியர்!

“அப்ப அந்தோனியோ நல்லவன், ஷைலாக் கெட்டவன்னு எப்படிச் சொல்றது?” என்றாள். அவசரப்படாதே என்றேன். ஷைலாக்கின் வெறுப்புக்கும் இரண்டு கால். அந்தோனியோ கிறிஸ்தவன் என்பது ஒன்று. வட்டியில்லாமல் கைமாற்றுக் கொடுத்து ஊரில் வட்டி விகிதத்தைக் குறைத்துவிடுகிறான் என்பது இன்னொன்று. அதுதான் அதிகம் உறுத்துகிறது என்று ஷைலாக்கே சொல்கிறான். மதமும் தொழில் போட்டியும் எந்த இடத்தில் முடிச்சுப்போட்டுக்கொண்டன என்று பிரிக்க முடியாது.

அதைவிடச் சுவாரசியம் பத்திரம். வட்டிக்காரன் எழுதி வாங்கும் இந்தப் பத்திரத்தில் வட்டி ஒரு காசு கிடையாது! மூன்று மாதத்தில் அசல் வராவிட்டால் அந்தோனியோவின் உடம்பிலிருந்து அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் சதை. வேடிக்கைக்கு என்கிறான். நாடகத்திலேயே ஷைலாக் கொடுக்கும் ஒரே கடன், வட்டியில்லாக் கடன்.

பெல்மாண்ட் பக்கம் எல்லாம் நாகரிகம். வெறுப்பும் நாகரிகமாகவே வரும். தங்கம், வெள்ளி, ஈயம் என்று மூன்று பேழைகள். தன் படம் இருக்கும் பேழையை எடுப்பவனுக்கே போர்ஷியா, இது அப்பாவின் உயில். மொராக்கோ இளவரசன் வந்ததும் முதல் வேலையாகத் தன் நிறத்துக்காகத் தன்னை ஒதுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறான். பாவம், இப்படிக் கேட்டுப் பழக்கப்பட்டவன். முகத்துக்கு நேரே மரியாதையாகப் பதில் சொல்லும் போர்ஷியா, அவன் தங்கத்தை எடுத்துத் தோற்றுப் போனதும், அந்த நிறத்தார் எல்லோருக்கும் இதே கதி வரட்டும் என்கிறாள். பஸ்ஸானியோ ஈயத்தை எடுத்து ஜெயிக்கிறான்; அவன் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் பின்னணியில் ஒரு பாட்டு. அதன் முதல் மூன்று வரிகளும் ஈயத்துக்கான ஆங்கிலச் சொல்லோடு இயைபாக முடிகின்றன. துப்புக் கொடுத்தாளா, தற்செயலா என்று இன்றுவரை சண்டை. எனக்கென்னவோ அவள் துப்புக் கொடுத்தாள் என்றுதான் படுகிறது. நான் அவள் இடத்தில் இருந்தால் கொடுத்திருப்பேன்.

இதற்கிடையில் ஷைலாக்கின் மகள் ஜெசிக்கா, லொரன்ஸோ என்ற கிறிஸ்தவனோடு ஓடிப்போகிறாள். சும்மா போகவில்லை; காசையும் நகையையும் அள்ளிக்கொண்டு. தேடிப்போன நண்பன் தூபால் செய்தி கொண்டுவருகிறான்: ஜெனோவாவில் ஒரே இரவில் 80 டக்கட் செலவாம். முப்பத்தைந்து சவரன்! ஷைலாக் துடிக்கிறான். மகள் காலடியில் செத்துக்கிடந்தாலும் பரவாயில்லை, நகை காதில் இருக்க வேண்டும் என்கிறான். இங்கே அவனுக்காக வக்காலத்து வாங்க நான் வரமாட்டேன், கேட்கவே கொடூரம்.

அடுத்த மூச்சில் இன்னொரு செய்தி. ஒரு குரங்கை வாங்க உன் மகள் ஒரு மோதிரத்தைக் கொடுத்துவிட்டாள் என்கிறான் தூபால். அதுவரை எல்லாவற்றையும் விலை போட்டுப் புலம்பியவன், இதற்கு மட்டும் விலை சொல்லவில்லை. அது என் டர்க்காய்ஸ் கல் மோதிரம், கல்யாணத்துக்கு முன்னால் லேயா கொடுத்தது, ஒரு காடு நிறையக் குரங்குகளைக் கொடுத்தாலும் தந்திருக்க மாட்டேன் என்கிறான். மனைவி லேயா நாடகத்தில் வருவதே இல்லை. அந்த ஒரு பெயரோடு சரி.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு கடைசி அங்கங்களுக்கு வா என்றேன். கெடுவுக்குள் அசல் வராததால் ஷைலாக் சதை கேட்டு வழக்குப் போடுகிறான். எதற்காகவும் கழற்ற மாட்டேன் என்று சத்தியம் செய்து போர்ஷியாவிடம் மோதிரம் வாங்கிய பஸ்ஸானியோ, வழக்கு முடிந்த கையோடு அந்தோனியோவைக் காப்பாற்றிய வக்கீலுக்கு அதைக் கொடுத்தனுப்பிவிடுகிறான். வக்கீல் வேடத்தில் இருந்தவள் போர்ஷியாவேதான் என்பதால் நமக்குச் சிரிப்பு வருகிறது.

“கோர்ட் சீன்தான் பரீட்சைக்கு வரும்,” என்று ஞாபகப்படுத்தினாள். அதையும் பார்த்தோம். இரண்டு மடங்கு பணம் தருகிறோம் என்கிறார்கள். பணப்பேய் என்று பெயர் வாங்கியவன் வேண்டாம் என்கிறான். சதையை அறு, ஒரு சொட்டு ரத்தம் சிந்தக்கூடாது என்கிறாள் போர்ஷியா. வழக்கு கவிழ்கிறது. ஷைலாக்கின் சொத்தில் பாதி அந்தோனியோவின் பொறுப்புக்குப் போகிறது. ஷைலாக் இறந்த பிறகு மிச்சமெல்லாம் ஓடிப்போன ஜோடிக்கு என்று எழுதித்தர வேண்டும். உடனே கிறிஸ்தவனாக மாற வேண்டும். கடைசி நிபந்தனையை அன்றைய பார்வையாளர்கள் சலுகையாகவே எடுத்துக்கொண்டிருப்பார்கள். மறுப்பவனின் ஆன்மாவையும் காப்பாற்றிவிட்டார்களாம்.

“இதுல எங்க மாமா காமெடி?”

1623ல் வந்த தொகுப்பில் இன்பியல் வரிசையில்தான் சேர்த்தார்கள். கல்யாணத்தில் முடிந்தால் போதும், அந்தக் கால இலக்கணம் அவ்வளவுதான். 1814ல் நடிகர் எட்மண்ட் கீன் கறுப்பு விக் வைத்து மனிதனாக நடித்தபோதுதான் கூட்டம் ஷைலாக்கைப் பார்த்த பார்வை மாறியது. நம் பக்கம் பம்மல் சம்பந்த முதலியார் ‘வாணீபுர வணிகன்’ என்று எழுதினார். 1940ல் தமிழ்ப் படமாக வந்தபோது பெயரே ‘ஷைலாக்’. வணிகன் யாருக்கு வேண்டும்?

2004ல் அல் பசீனோ நடித்த படத்தைப் பார்க்கச் சொன்னேன். அதன் முடிவில் ஜெசிக்கா தன் விரலைத் தடவிப் பார்க்கிறாள். டர்க்காய்ஸ் மோதிரம் அங்கேயே இருக்கிறது.

“அப்ப தூபால் பொய் சொன்னானா?”

புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைக் காட்டினேன். தூபால் ‘ஒரு மோதிரம்’ என்று மட்டும்தான் சொல்கிறான். அது லேயாவின் மோதிரம் என்று சொல்வது ஷைலாக்.