கேப் டவுன் கானங்கள் – 7: ஒரு நாடாவின் அஞ்ஞாதவாசம்

ஷார்ப்வில் படுகொலைக்குப் பின் தாய்நாடான தென்னாப்பிரிக்காவில் தரிக்க மனமின்றிப் பாடகி பீட்டி பெஞ்சமினும் பியானோ வித்வான் டாலர் பிராண்டும் 1962இல் சூரிச் நகரம் வந்து சேர்ந்ததைச் சென்ற வாரமே சொல்லியாயிற்று. பிந்தி வந்த வாசகர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளட்டும். சதிமா என்னும் நாமம் அந்த அம்மையாருக்குப் பிற்காலத்தில் ஜானி டியானி என்ற சக கலைஞர் சூட்டியது. பீட்டி இயற்றிய உருப்படிகளைப் பற்றி இவ்வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். ஆனால் ஓர் ஒலிநாடாவின் சரித்திரம் என்னைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது.

1963இன் தொடக்கத்தில் ட்யூக் எலிங்டன் சூரிச்சில் கச்சேரி செய்ய வந்தபோது, முன்பின் அறிமுகமில்லாத அந்த மகாவித்வானை அரங்கின் பின்புறமே சென்று சந்தித்து, ஆப்பிரிக்கானா கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்த பிராண்டின் மூவர் குழுவைக் கேட்க வரவேண்டுமென்று மன்றாடி அழைத்துவந்தவர் பீட்டியே. வந்தவர் குழுவின் வாசிப்பைக் கேட்டதோடு அமையாமல், அழைத்தவரையும் பாடச் சொல்லிக் கேட்டார்; கேட்டபின் அனைவரையும் பாரிஸுக்கு வரவழைத்தார். பிப்ரவரி 24 அன்று பார்க்லே ஒலிப்பதிவுக்கூடத்தில் மூவர் குழுவுக்கு ஒன்றும் பீட்டிக்கு ஒன்றுமாக இரண்டு இசைத்தட்டுகளுக்குரிய பதிவுகள் நடந்தேறின.

பீட்டியின் பதிவுதான் என்ன ஆச்சரியம்! சில பாட்டுக்கு எலிங்டனே பியானோவில் அமர்கிறார். சிலவற்றுக்கு அவருடைய அத்யந்த சகாவான பில்லி ஸ்ட்ரேஹார்ன். எஞ்சியவற்றுக்கு டாலர் பிராண்ட். இவர்களுக்கிடையே டென்மார்க்கின் ஸ்வெண்ட் அஸ்முசென், வில்லை ஒதுக்கிவிட்டு, வயலின் தந்திகளை விரலால் மீட்டியபடியே பாட்டைத் தொடர்கிறார். ஓட்டின்மேல் தயங்கித் தயங்கி விழும் தூறலைப்போன்ற அந்த மீட்டலுக்கு இடம்விட்டு, அவசரமின்றி, சொல்லுக்குச் சொல் நின்று பாடுகிறார் இருபத்தாறு வயதுப் பெண்மணி. இந்த நிதானத்தை நான் மற்ற ஜாஸ் பாடகியரிடம் அதிகம் கேட்டதில்லை.

மூவர் குழுவின் தட்டு ரிப்ரைஸ் கம்பெனியின் முத்திரையோடு வெளிவந்து பிராண்டுக்கு உலகப் புகழ் தேடித்தந்தது. பீட்டியின் தட்டு வெளிவரவே இல்லை. மூல நாடா எங்கோ மறைந்தது. கெர்ஹார்ட் லெனர் என்னும் ஒலிப்பதிவாளர் மட்டும் ஒரு பிரதியைத் தம்மிடம் காப்பாற்றி வைத்திருந்தார். ஸ்ட்ரேஹார்னின் சரிதத்தை எழுதப் புகுந்த டேவிட் ஹேடு விசாரித்துச் சென்றதால் முப்பது ஆண்டுகளுக்குப் பின் அது வெளிப்பட்டது. தட்டாக அது கடைக்கு வந்தபோது பாடியவருக்கு வயது ஏறக்குறைய அறுபது.

இதற்கு முன்பே, 1959இல், தென்னாப்பிரிக்காவில் பிராண்டின் துணையோடு அவர் பாடிப் பதிந்த பாட்டுக்களும் வெளிவராமலே போயின என்பதை எண்ணும்போது, 1979இல் நியூயார்க்கில் எகாபா என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்தை அவர் தொடங்கியதை வெறும் வியாபார முயற்சியென்று நான் எவ்வாறு கருதுவேன்? பிறர் அலமாரியை இரண்டு முறை நம்பிக் கெட்டவர், மூன்றாவது முறைக்குத் தாமே அலமாரி செய்துகொண்டார்.

அச்சகத்துப் பையன் வாசலில் நிற்கிறான். 'விடுதலைத் தொகுப்பு' முதலான அவருடைய சொந்த சாகித்தியங்களுக்கு, ஆசிரியர் மனமிரங்கினால், அடுத்த வாரம் வருவோம்.